கோல்டு கார்டு யாருக்கு? டிக்கெட்டில் இருக்கும் ஓர் எழுத்து சொல்லும்!

விமான நிலைய செக்-இன் கவுன்ட்டரில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. எடை கூடிவிட்டதால் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, மகளுக்காகக் கொண்டுவந்த ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் வெளியே எடுத்துக்கொண்டிருப்பார் ஓர் அம்மா. பக்கத்து வரிசையில் இன்னொருவர் 20 கிலோ கூடுதலாக ஏற்றிவிட்டு, லவுஞ்சில் காபி குடிக்கப் போய்விடுவார். இருவருக்கும் ஒரே விமானம்தான். ஆனால், அவரிடம் கோல்டு அந்தஸ்து இருக்கிறது.

அதைப் பெற ஒரே நிறுவனத்தின் விமானத்தில்தான் பறக்க வேண்டும் என்பதில்லை. 1997-ல் ஐந்து நிறுவனங்கள் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட் எனப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. ஏர் இந்தியா 2014-ல் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்கு வைத்திருப்பவர், லுஃப்தான்சாவில் பறந்தாலும் மைல்களைத் தன் கணக்கிலேயே சேர்க்கலாம். 12 மாதங்களில் 25,000 எலைட் மைல் சேர்ந்தால் சில்வர். 50,000 சேர்ந்தால் கோல்டு. லவுஞ்சும் கூடுதல் லக்கேஜும் கூட்டணி முழுக்கக் கிடைப்பது கோல்டுக்குத்தான்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? கவனிக்க வேண்டியவை நான்கு.

எழுத்தைப் பாருங்கள்: டிக்கெட்டில் ‘கிளாஸ்’ என்ற இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பறந்த தூரத்தில் எத்தனை சதவிகிதம் கணக்கில் சேரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மலிவான டிக்கெட்டுக்குப் பாதிதான் சேரலாம். சில கூட்டாளி விமானங்களில் எதுவுமே சேராமலும் போகலாம்.

யாருடைய விமானம்?: ஏர் இந்தியா கூட்டணியில் இருந்தாலும், திருச்சி - சிங்கப்பூர் பயணிகளுக்குப் பழக்கமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில் இல்லை. டிக்கெட்டை ஒரு நிறுவனம் விற்று, விமானத்தை இன்னொன்று இயக்கினால், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்: நம் ஊர் இனிஷியல் இங்கேதான் சிக்கல் தரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும், மைல் கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், மைல்கள் சேராமல் நிற்கலாம். பயணம் முடிந்தாலும் மைல்கள் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருங்கள். விடுபட்டதைக் கேட்டு வாங்க அது தேவைப்படும்.

கார்டு மைல் வேறு: கிரெடிட் கார்டு புள்ளிகளை மாற்றிப் பெறும் மைல்களில் இலவச டிக்கெட் வாங்கலாம். ஆனால், அவை கிரிஸ்ஃப்ளையரில் எலைட் மைலாகக் கணக்கில் வராது.

சரி, அந்த அம்மாவுக்குக் கோல்டு கிடைக்குமா? சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ போய்த் திரும்பினால் சுமார் 20,500 மைல். 50 சதவிகிதம் தரும் டிக்கெட் என்றால், கணக்கில் ஏறுவது ஏறத்தாழ 10,250. வருடத்துக்கு ஒருமுறை பறப்பவருக்கு சில்வரே எட்டாது.

எனவே, அந்தஸ்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டாம். அலுவலக வேலையாக அடிக்கடி பறப்பவர்கள் எல்லாப் பயணங்களையும் ஒரே கணக்கில் சேர்த்தால் பலன் உண்டு. கோல்டு உள்ள மகனோடு அதே விமானத்தில் அம்மா பயணித்தால், விருந்தினராக லவுஞ்சுக்கும் போகலாம். தனியாகக் கிளம்பும் அம்மாக்களுக்குக் கைகொடுப்பது, வீட்டிலேயே பெட்டியை எடைபோட ஒரு சின்னத் தராசுதான்!