நீல அட்டையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

'சபர்' என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பர்மா, மலாயா, இலங்கை, அரபு நாடுகள் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு திசையில் கடல் கடந்து பொருள் தேடியிருக்கிறது. அவ்வரிசையில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. அங்குள்ள தெலுக் ஆயர் சாலையில் 1828-30ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்ட நாகூர் தர்கா, நம் உறவின் பழமைக்கு இன்றும் சான்று கூறி நிற்கிறது.

அந்நாளில் கப்பல் கட்டணம் கையில் இருந்தால் போதும், பயணம் எளிது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அந்த வாசலைச் சுருக்கியது. நம் கடற்கரை ஊர்களிலிருந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே சென்று திரும்பியவர்கள். கடையநல்லூர் மக்களோ குடும்பத்துடன் குடியேறி, தஞ்சோங் பகார் பகுதியில் கூடி வாழ்ந்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீகை நிறுவினார்கள். 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியும் கண்டார்கள். சம்பாதிக்கச் செல்வது வேறு, வேர் ஊன்றச் செல்வது வேறு என்பதை இவ்விரு வழிகளும் நமக்கு உணர்த்துகின்றன.

இன்று அந்த வேறுபாட்டை முடிவு செய்வது மனிதனின் விருப்பம் மட்டுமன்று; அவன் கையில் இருக்கும் அனுமதிச் சீட்டு. ஆனால் மகன் எந்தச் சீட்டில் சென்றிருக்கிறான் என்பதே தெரியாத வீடுகள் நம்மிடையே பல. "சிங்கப்பூரில் இருக்கிறான்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பெண் கேட்டு வருபவர்களிடமும் அதற்கு மேல் நாம் கேட்பதில்லை.

மூன்று விதச் சீட்டுகள்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வழங்கும் அனுமதிகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, ஒர்க் பெர்மிட். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் நம் இளைஞர்கள் பெரும்பாலும் இதில்தான் செல்கிறார்கள். இரண்டாவது, நடுத்தரத் திறனாளர்களுக்குரிய எஸ் பாஸ். 2025 செப்டம்பரில் இதற்குரிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மூன்றாவது, உயர்நிலைப் பணியாளர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரியில் இதன் குறைந்தபட்ச அளவு 5,600 வெள்ளியாக்கப்பட்டது. வயது கூடக் கூட இத்தொகைகளும் கூடும்; அரசு அவ்வப்போது இவற்றை மாற்றியும் அமைக்கும்.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள இயலாது. அந்தச் சீட்டைக் கொண்டு நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்கவும் இயலாது. இத்தனை ஆண்டுகள்தாம் பணியாற்றலாம் என்றிருந்த வரம்பு 2025 ஜூலையில் நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும், இருபது ஆண்டுகள் உழைத்தாலும் பெர்மிட் பெர்மிட்டாகவே இருக்கும். "உள்ளே போய்விட்டால் பிறகு பி.ஆர். ஆக்கிக்கொள்ளலாம்" என்று ஆசை காட்டும் தரகரிடம், "எந்தச் சீட்டிலிருந்து?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எஸ் பாஸ் அளவுக்குத் தகுதியும் சம்பளமும் உயர்ந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடமுண்டு.

இன்னொரு விதியையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். ஒர்க் பெர்மிட்டில் பணிபுரிபவரோ, முன்பு பணிபுரிந்தவரோ, சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணமுடிக்க விரும்பினால், மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். நிக்காஹ் சிங்கப்பூருக்கு வெளியே நடந்தாலும் இவ்விதி பொருந்தும்.

புறப்படும் முன்

நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பணம் கட்டுவோர் முதலில் கேட்டுப் பெற வேண்டியது, ஐ.பி.ஏ. எனப்படும் முன்னனுமதிக் கடிதம். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியன அதில் குறிக்கப்பட்டிருக்கும். பெர்மிட்டில் செல்லும் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும், அவர் புறப்படும் முன்னரே, அது அவருக்குக் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை. வாய்மொழியாகச் சொன்ன சம்பளமும் கடிதத்தில் உள்ள சம்பளமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

சிங்கப்பூர் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் பெறக்கூடிய கட்டணத்திற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது: ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்குவது அங்கே குற்றம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி மார்க்கம் கற்பித்த சமுதாயம் நாம். ரசீது தராத தரகரிடம் இலட்சங்களை எண்ணிக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

நிரந்தரவாசம் தருவதும் கேட்பதும்

எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்போர் தமக்கும், மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் நிரந்தரவாசம் கோரி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவர் அனைவருக்கும் அது கிடைப்பதில்லை. 2024இல் சுமார் 35,000 பேருக்கு அது வழங்கப்பட்டது. குடிமக்களின் அடையாள அட்டை இளஞ்சிவப்பு; நிரந்தரவாசியின் அட்டை நீலம்.

நீல அட்டையின் பெரும் நன்மை, முதலாளியின் பிடியிலிருந்து விடுதலை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் வேலை இழந்தால், அவரை நம்பியிருக்கும் மனைவி மக்களின் சீட்டுகளும் சேர்ந்து ரத்தாகும். வழக்கமாக 30 நாள் அவகாசத்தில் மறுவேலை தேட வேண்டும், இல்லையேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நிரந்தரவாசிக்கு அந்த அச்சமில்லை. நிரந்தரவாசம் பெற்று மூன்றாண்டுகள் கழிந்தபின், அத்தகைய குடும்பம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீட்டை வாங்கவும் விண்ணப்பிக்கலாம்.

அதே அட்டை பொறுப்புகளையும் கொண்டுவருகிறது. முதலாவது மத்திய சேம நிதி. மாதம் 6,500 வெள்ளி பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிரந்தரவாசியான முதல் ஆண்டில் அவர் பங்கு நூற்றுக்கு 5, இரண்டாம் ஆண்டில் 15, மூன்றாம் ஆண்டு முதல் 20. அதாவது 325 வெள்ளியில் தொடங்கும் பிடித்தம் 1,300 வெள்ளியாகிறது. முதலாளியும் தம் பங்கைச் செலுத்துவதால் இது இழப்பன்று, சேமிப்பே. எனினும் ஊருக்கு வரும் பணம் குறையும். "மகன் மாறிவிட்டான், மருமகள் மாற்றிவிட்டாள்" என்று மாமியார் வருந்துவதற்கு முன், இந்தக் கணக்கை மகன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

'நிரந்தரம்' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடலாகாது. வெளிநாடு சென்று திரும்ப மறுநுழைவு அனுமதி தேவை. வழக்கமாக ஐந்தாண்டுக்கு அது வழங்கப்படுகிறது. அதைப் புதுப்பிக்காமல் நெடுநாள் ஊரில் தங்கிவிட்டால் நிரந்தரவாசமே பறிபோகலாம்.

மகனுக்காக இடும் கையெழுத்து

இனி, மிகவும் சிந்திக்க வேண்டிய செய்திக்கு வருவோம். முதன்மை விண்ணப்பதாரராகிய தந்தைக்குப் பொதுவாகத் தேசிய சேவை கிடையாது. தந்தையின் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகனுக்கு அது கட்டாயம். பதினாறரை வயதில் பதிவு. 18 வயது முதல் இரண்டாண்டு முழுநேரச் சேவை. அதன்பின்னும் பல்லாண்டுகள் அவ்வப்போது பயிற்சி. அழைப்பை மீறுவது தண்டனைக்குரிய குற்றம். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்து வெளியேறினால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ பணிபுரியவோ கேட்கும்போது அது பெருந்தடையாகும். பெற்றோரின் அனுமதிப் புதுப்பித்தலையும் பாதிக்கக்கூடும்.

நான்கு வயதுக் குழந்தைக்காகத் தந்தை இன்று இடும் கையெழுத்து, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவனைச் சீருடை அணியச் செய்கிறது. இதைத் தவறென்று நாம் கூறவில்லை. தம் பிள்ளைகள் வாழப்போகும் நாட்டின் காவலில் அவர்களும் பங்கேற்பது முறைதான். மனமுவந்து சேவை முடித்து அங்கேயே தலைநிமிர்ந்து வாழும் நம் பிள்ளைகள் பலர். ஆனால் 18 வயதானதும் ஊருக்கு அனுப்பிக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று மனத்துள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, மகனின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்ப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி. தங்குவதாயின் முழு மனத்துடன் தங்க வேண்டும். திரும்புவதாயின் அதற்கேற்ற சீட்டோடு நின்றுகொள்ள வேண்டும்.

நிரந்தரவாசம் குடியுரிமையன்று என்பதையும் நினைவிற் கொள்க. நீல அட்டை பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே நீடிக்கிறார். அங்கே அவருக்குக் குழந்தை பிறந்தால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்வது இன்றியமையாதது. வயது முதிர்ந்த பெற்றோருக்கு நிரந்தரவாசம் கோரும் வாய்ப்பு அந்நாட்டுக் குடிமக்களுக்கே உண்டு. குடிமகனாக வேண்டுமெனில் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தாக வேண்டும், ஏனெனில் நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆக, மகன் ஒரு படி ஏறுந்தோறும் ஊரில் உள்ள வாப்பாவும் உம்மாவும் ஒரு முடிவை எதிர்கொள்கிறார்கள்.

ஆதலால் இது ஆண்மகன் ஒருவன் இணையத்தில் நிரப்பி அனுப்பிவிடும் வெறும் விண்ணப்பமன்று. கணவனும் மனைவியும், இயன்றால் இருபுறப் பெற்றோரும், விவரம் அறியும் வயதெனில் மகனும் கூடியிருந்து மஷூரா செய்ய வேண்டிய குடும்பக் காரியம். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? பெரியவர்களைக் கவனிப்பது யார்? முதுமையில் எந்த ஊரில் இருப்போம்? இவற்றிற்கு விடை கண்டபின் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

சிங்கப்பூரில் மகனோ மருமகனோ உள்ள சகோதரிகள், அடுத்த முறை அவர் தொலைபேசியில் பேசும்போது நலம் விசாரித்தபின், அவர் எந்தச் சீட்டில் இருக்கிறார், அது எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குப்பின் என்ன எண்ணம் என்பனவற்றையும் கேட்டு, ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.