பிள்ளை விரும்பி வாசிக்க

தரம் 5 பிள்ளையின் பையைத் திறந்தால் பாடப் புத்தகங்களோடு புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள்தான் இருக்கும். காணியும் மாடும் கைவிட்டுப் போன பின், பரீட்சையே பிள்ளையின் சொத்து எனப் பெற்றோர் எண்ணுவதை நாம் குறைகூறவில்லை. ஆனால், வினாத்தாளை மட்டும் வாசித்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் வாசிப்பையே மூடிவைத்துவிடக்கூடும்.

எதைத் தெரிவது? புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்குக் கடினம். பெரியவர் எவராவது வாசித்துக் காட்டலாம். எழுத்தறியாத தாயும் விரலை எண்ணலாமே! 'வயதுக்குச் சின்னது' என்று படக்கதையைப் பறிக்க வேண்டாம். ஒரே கதையைப் பத்துத் தரம் வாசித்தாலும் விடுங்கள்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவருக்காகக் கத்தரித் தோட்டத்து வெருளியையும் ஆடிப்பிறப்புக் கூழையும் பாடியவர். தோட்டம் செய்த நமக்கு வெருளி புதிதல்ல. முகாமில் பிறந்த பிள்ளைக்கோ அது என்னவென்றே தெரியாது; கேட்கும். உடனே அப்பு தம் தோட்டத்துக் கதையைத் தொடங்கிவிடுவார். பிறகு அவரை நிறுத்துவதுதான் பாடு.

வாங்க வசதியில்லையா? பாடசாலை நூலகத்திலும் வாசிகசாலையிலும் கேளுங்கள். 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றைக் கைத்தொலைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம். இரவல் புத்தகம் கிழிந்தால் கோதுமைமாப் பசையால் ஒட்டிக் கொடுங்கள். அதற்காகப் பிள்ளையை அடித்தால், அடுத்த புத்தகத்தை அது தொடாது.