சுழலும் மேசை வாங்கப் போகிறீர்களா?

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு.

1945-ம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். ஒரு வகை மண் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. தட்டின் உள்ளே, அடிப்பாகத்தில், வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு புள்ளிகள்! எல்லா வட்டங்களுக்கும் நடுப்புள்ளி ஒன்றே.

சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வேலை அது. ரோம் நாட்டுப் பக்கமிருந்து வந்த தட்டு என்று வீலர் நினைத்தார். இல்லை, இந்திய மண்ணில் செய்ததுதான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

புள்ளிகளை எப்படி இட்டார்கள்? பல் உள்ள சிறு உருளையைத் தட்டின் மீது உருட்டியிருக்கலாம். மெல்லிய தகட்டைப் பிடித்து, அதை அதிர விட்டிருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியானாலும், கருவி ஓரிடத்தில் நின்றது, தட்டு சுழன்றது.

இன்று இரும்புப் பட்டறையில் அந்த வேலைக்கு இருப்பது "ரோட்டரி டேபிள்" என்னும் சுழல் மேசை. சின்ன மில்லிங் மிஷின் வைத்திருப்பவர்கள் ஆசையோடு வாங்கும் சாமான் இது.

ஆறு துளைகள்

தண்ணீர் இறைக்கும் பம்பைப் பாருங்கள். குழாய் சேரும் இடத்தில் வட்டமான விளிம்பு இருக்கும். அதைச் சுற்றிலும் துளைகள். ஒரு துளை தள்ளிப் போனால் போல்ட் இறங்காது. வார்ப்பு பாழ். கூலியும் போச்சு. வாடிக்கைக்காரரும் போய்விடுவார்!

சுழல் மேசையின் அடியில் ஒரு பல் சக்கரம் உண்டு. அதைத் தள்ளுவது "வார்ம்" என்னும் புரித்தண்டு. சில மேசைகளில் கைப்பிடியை 90 சுற்று சுற்றினால் மேசை ஒரு சுற்று வரும். அதாவது, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 4 டிகிரி. 6 துளை போட 60 டிகிரி இடைவெளி வேண்டும். 15 சுற்று. கணக்கு முடிந்தது!

40 சுற்று மேசையும் உண்டு. அதில் 6 சுற்றும், மேலே மூன்றில் இரண்டு பங்கும் சுற்ற வேண்டும். 7 துளை என்றால் எந்த மேசையிலும் தொல்லைதான். அதற்குத் துளைத் தகடு வேண்டும். 90 சுற்று மேசையில், 21 துளைத் தகட்டை வைத்து 12 சுற்றும் 18 துளை இடைவெளியும் தள்ளினால் சரியாக வரும். ஆகவே, தகடும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பெரிது வேண்டாம்

பெரிய மேசையைப் பார்த்ததும் மனம் மயங்கும். முதலில் உயரத்தை அளக்க வேண்டும்.

மிஷினில் 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழல் மேசை 8 சென்டிமீட்டர். அதன்மேல் சக்கு 7 சென்டிமீட்டர். மேலேயிருந்து டிரில்லும் அதைப் பிடிக்கும் சக்கும் 10 சென்டிமீட்டர். வேலைத்துண்டை எங்கே வைப்பது?

சக்கை விட்டுவிட்டு, துண்டை மேசை மீதே கிளாம்பால் இறுக்கினால் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

பழைய மேசை மலிவாகக் கிடைக்கிறதா? விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கைப்பிடி வெகுதூரம் திரும்பியும் மேசை அசையவில்லையானால் உள்ளே தேய்மானம் என்று அர்த்தம். விலையைப் பார்த்து ஏமாறக்கூடாது.

இரண்டு நடுப்புள்ளிகள்

பொருத்தும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். சரிபார்க்க வேண்டிய நடுப்புள்ளிகள் இரண்டு.

முதலில் அடிப்பக்கத்துத் தூசியையும் பிசிறையும் துடைத்து, மேசையை இறுக்க வேண்டும். டயல் கேஜை மிஷினின் சுழல்தண்டில் மாட்டி, மேசையின் நடுத்துளைக்குள் கையால் சுற்ற வேண்டும். முள் அசையாமல் நிற்கும்வரை மிஷின் மேசையை நகர்த்த வேண்டும். பிறகு அளவு வட்டங்களைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து வேலைத்துண்டு. இப்போது கேஜ் நிற்கும், சுழல் மேசை சுற்றும். முள் ஓடினால் துண்டை மெல்லத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முள் 0.2 மில்லிமீட்டர் ஓடினால், துண்டு விலகியிருப்பது அதில் பாதி, 0.1 மில்லிமீட்டர்தான். முழு அளவுக்கும் தள்ளிவிட்டால் மறுபக்கம் விலகிவிடும்.

துளை போடும்போது கைப்பிடியை ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் வெறுமனே பின்னால் திருப்பி நிறுத்தக்கூடாது. நன்றாகப் பின்னுக்குப் போய், மறுபடி முன்னே வர வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் முன்பு பூட்டுத் திருகை இறுக்கவேண்டும். அடுத்த துளைக்குத் திருப்பும் முன் அதைத் தளர்த்தவேண்டும்.