கடல் விலகிய ஊர்

ஆறு நாள் உழைத்த உடலும் உள்ளமும் ஏழாம் நாளில் ஓய்வை நாடுவது இயல்பு. தூத்துக்குடி ஓய்வறியா நகரம். துறைமுகத்தில் கப்பல்கள் வந்தவண்ணம் இருக்கும். உப்பளங்களிலும் ஆலைகளிலும் வேலை இடையறாது நடக்கும். சரக்கு வண்டிகளின் ஒலி இரவிலும் அடங்குவதில்லை. அந்நகர மக்களுள் பலர் ஓய்வு நாளில் திருச்செந்தூர்க் கடற்கரைக்குச் செல்வர். சிலர் மணப்பாட்டு மணற்குன்றைக் காணச் செல்வர். இவ்விரண்டு ஊர்களினும் அருகில், ஆரவாரமின்றி அமைதியே உருவாய் இருப்பது கொற்கை என்னும் சிற்றூர். காலையிற் புறப்பட்டால் அதனைக் கண்டு மகிழ்ந்து மாலையில் நகருக்கு மீளலாம். கண்ணுக்கு இனிய காட்சியோடு, தூத்துக்குடி ஏன் தோன்றியது என்னும் வினாவுக்கு விடையும் அப்பயணத்தில் கிடைக்கும்.

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர்ச் சாலையிற் சென்றால் முதலில் தோன்றுவன உப்பளங்கள். சாலையின் இருபுறமும் நிலம் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டப்பட்டிருக்கும். அப்பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சுகின்றனர். கதிரவன் வெம்மையும் கடற்காற்றும் நீரை வற்றச் செய்கின்றன. உப்பு அடியிற் படிகின்றது. அதனை வாரிக் குவிக்கின்றனர். இளங்காலை வெயிலில் அக்குவியல்கள் வெண்பனிக் குன்றுகள்போல் விளங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அவ்வெண்மை, அங்கு உழைப்போர் கண்ணைக் கூசச் செய்து வருத்துவது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க எண்ணி அவர்கள் விடியற்காலையிலேயே களத்தில் இறங்குகின்றனர். உப்பளங்களை ஒட்டிய நீர்நிலைகளில் சில பருவங்களில் பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடுவதையும் காணலாம்.

உப்பளங்களைத் தாண்டினால் மணற்பாங்கான நிலமும் பனைகளும் உடைமரங்களும் தோன்றும். மேலும் தெற்கே சென்று பழையகாயலை அடையும்போது காட்சி மாறுகின்றது. வறண்ட நிலம் மறைந்து வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் வாய்க்கால்களும் தென்படுகின்றன. இம்மாற்றத்திற்குக் காரணம் பொருநை ஆறு. பொதிகை மலையிற் பிறந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்தி, மன்னார் வளைகுடாவிற் கலக்கும் தாமிரபரணியே பொருநை எனப்படுவது. தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலை அடையும் ஆறு அது. அவ்வாற்று நீர் பாயும் வயல்களின் நடுவே, ஏரல் என்னும் ஊரை நோக்கி மேற்கே சென்றால் கொற்கையை அடையலாம்.

இன்றைய கொற்கை சிறியதோர் உழவர் ஊர். அகன்ற குளம் ஒன்று அதன் அணிகலன். குளத்தில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் தாமரையும் அல்லியும் பூத்திருக்கும். கரையில் கொக்கும் நாரையும் ஒற்றைக் காலில் நிற்கும். ஊரில் பழமையான வன்னி மரம் ஒன்று உண்டு. அது ஈராயிரம் ஆண்டு கண்ட மரம் என்று ஊரார் பெருமையோடு கூறுவர். குளத்தின் பக்கத்தே வெற்றிவேல் அம்மன் கோயில் உள்ளது. வயல்களின் இடையே அக்கசாலைப் பிள்ளையார் கோயில் இருக்கின்றது. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கும் சொல். நெல்லும் வாழையும் விளையும் சிற்றூரில் நாணயச் சாலையின் பெயர் எவ்வாறு வந்தது? அவ்வூரின் பழைய நிலையை அறிந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒரு காலத்தில் கொற்கை பாண்டிய நாட்டின் தலைசிறந்த துறைமுகமாக விளங்கியது. சங்கப் புலவர்கள் கொற்கை முத்தினைப் புகழ்ந்து பாடினர். மதுரையில் பாண்டிய வேந்தன் ஆண்டபோது அவன் குலத்து வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த கடற்பயண நூல் ஒன்று இவ்வூரைக் கொல்கி என்று குறிப்பிடுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு இங்கு முத்துக் குளிக்கச் செய்தனர் என்றும் அந்நூல் தெரிவிக்கின்றது. பிற நாட்டார் விரும்பி அணிந்த முத்தின் பின்னே எத்தகைய துன்பம் மறைந்திருந்தது என்பதை இக்குறிப்பு உணர்த்தும். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் நிலநூல் அறிஞரும் கொற்கையைத் தம் நூலிற் குறித்துள்ளார்.

நூல்கள் கூறுவதை நிலமும் மெய்ப்பித்தது. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் கொற்கையில் அகழாய்வு நடத்தினர். சுடுமண் உறைகளால் அமைந்த கிணறுகளும், பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றை ஆராய்ந்த அறிஞர், அதன் காலம் கி.மு. 785 ஆம் ஆண்டை ஒட்டியது எனக் கணித்தனர். 2021 ஆம் ஆண்டிலும் இவ்வூரில் அகழாய்வு நடைபெற்றது.

இன்று கொற்கைக் குளக்கரையில் நின்று நாற்புறமும் நோக்கினால் கடல் தெரிவதில்லை, அலையோசையும் கேட்பதில்லை. கடல் கிழக்கே ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. துறைமுகம் இருந்த ஊரை விட்டுக் கடல் எங்ஙனம் விலகிற்று?

விடை ஆற்றிலேயே இருக்கின்றது. மலையினின்று இறங்கும் ஆறு மண்ணையும் மணலையும் சுமந்து வருகின்றது. சரிவான இடங்களில் விரைந்து ஓடும் நீர் அவற்றை எளிதில் ஏந்திச் செல்லும். சமவெளியை அடைந்ததும் அதன் விரைவு குறைகின்றது. கடலைச் சேருமிடத்தில் விரைவு அறவே தணிவதால், சுமந்து வந்த வண்டல் அங்கே படிகின்றது. ஓர் ஆண்டில் படிவது சிறிது. ஆயிரம் ஆண்டில் படிவது பெரிது. முதலில் துறைமுகத்தின் ஆழம் குறைகின்றது. பின்னர்ப் பெரிய கலங்கள் நெருங்க இயலாமல் போகின்றன. முடிவில் நீர் நின்ற இடம் நிலமாகின்றது. எந்த ஆற்று முகம் கொற்கைக்குத் துறைமுகத்தைத் தந்ததோ, அந்த ஆற்று முகமே அத்துறைமுகத்தைத் தூர்த்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் கொற்கையையும் காயலையும் நேரில் ஆராய்ந்து, 1877 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இவ்வுண்மையை விளக்கினார்.

கடல் விலகியபோது கடலை நம்பி வாழ்ந்தோர் வாளா இருக்கவில்லை. அவர்கள் கடலைத் தொடர்ந்து சென்றனர். குளக்கரை மரநிழலில் கட்டுச்சோறு உண்டு இளைப்பாறிய பின், வந்த வழியே கிழக்கு நோக்கித் திரும்புவோர், அம்மக்கள் சென்ற வழியிலேயே செல்கின்றனர். காலையில் நிற்காது கடந்த பழையகாயல்தான் அவர்கள் அடைந்த அடுத்த துறை.

காயல் என்னும் சொல் கடலை ஒட்டிய உப்பங்கழியைக் குறிக்கும். அத்தகைய கழியின் கரையிலே காயல் துறைமுகம் வளர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இதனைக் கண்டு வியந்தார். ஓர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற பொருள்களையும் ஏற்றிவந்த கலங்கள் இங்குத் தங்கின என்று அவர் குறித்துள்ளார். கால்டுவெல் ஐயர் இங்கு ஆராய்ந்தபோது சீன நாட்டு மட்கலங்களின் உடைந்த துண்டுகள் மண்ணிற் கிடைத்தன. ஆயினும் ஆறு தன் வேலையை நிறுத்தவில்லை. காயலும் தூர்ந்தது, கடல் மேலும் கிழக்கே சென்றது. பழைய துறை என்னும் நினைவு மட்டும் ஊரின் பெயரில் தங்கிவிட்டது.

பழையகாயலிலிருந்து தெற்கே சென்று ஆற்றைக் கடந்தால் ஆத்தூரை அடையலாம். அவ்வூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து கிழக்கே சென்றால் பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலைக் காணலாம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தங்கிய துறை இது. இன்று மீனவர் வாழும் ஊர். ஒருபுறம் ஆற்றின் நன்னீர், மறுபுறம் அலைகடல், இடையே மணல்திட்டுகளும் கண்டற் செடிகளும். வலையைத் தோளிலிட்டு வரும் மீனவரையும், கரையில் வரிசையாக நிற்கும் படகுகளையும் மாலை வெயிலிற் காண்பது இனிமை தருவது. இங்கே மணல்திட்டு வளர்வதைக் காண்போர், கொற்கையில் அன்று நிகழ்ந்தது இன்றும் நிகழ்ந்துகொண்டிருப்பதை உணர்வர்.

ஆற்று முகத்துத் துறைகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தமையால், ஆறு பாயாத இடமாகிய தூத்துக்குடியின் சிறப்பு உயர்ந்தது. கடலுள் அமைந்த சிறு தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்து அதற்கு அரணாயின. போர்த்துகீசியருக்குப் பின் 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் பெற்றனர். வ. உ. சிதம்பரனார் 1906 ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, இத்துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓட்டினார். ஆனால் இங்கும் கரையோரத்தில் ஆழம் போதவில்லை. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றிவந்தன. இக்குறையை நீக்க, கடலுள் நீண்ட கற்சுவர்களை எழுப்பிப் புதிய துறைமுகம் அமைத்தனர். அது 1974 ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

துறைகள் மாறியபோதும் மாறாதிருந்தது முத்துக்குளித்தல். கடலின் அடியில் பாறையாய் அமைந்து சிப்பிகள் ஒட்டி வாழும் இடத்திற்குப் பார் என்று பெயர். முத்துக் குளிப்போர் ஒரு கல்லின் உதவியால் விரைந்து அடியில் இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் இடுவர். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுப்பர். கீழே சென்றவரின் உயிர் மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது.

மழைத்துளி சிப்பியுள் வீழ்ந்து முத்தாகும் என்று முன்னோர் கருதினர். சிப்பியின் உடலுக்குள் நுண்ணுயிர் முதலிய வேற்றுப்பொருள் புகுந்து உறுத்தும்போது, சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தை ஆக்கும் அதே ஒளிப்பொருளால் அதனை அடுக்கடுக்காக மூடுகின்றது. அதுவே முத்து என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆயிரக்கணக்கான சிப்பிகளுள் சிலவற்றிலேயே நல்ல முத்து இருக்கும். ஆகவே பெருந்தொகையாகச் சிப்பிகளைப் பறிக்க நேர்ந்தது. மணல் மூடியும் பிற கடலுயிர்கள் தின்றும் பார்கள் அழிவதும் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961 ஆம் ஆண்டில். அதன்பின் அத்தொழிலை நடத்தும் அளவுக்குப் பார்களில் சிப்பிகள் பெருகவில்லை. 1973 ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிகளை வளர்த்து, அவற்றின் உடலில் சிறு மணியைப் பொதிந்து முத்து உண்டாக்குவதில் வெற்றி கண்டனர்.

கடல் விலகுவது மட்டுமன்றி, நெருங்கி வருவதும் இப்பகுதியில் நிகழ்ந்துள்ளது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. அவை அலையைத் தடுக்கும் வேலிகள், மீன்களுக்கு வீடுகள். அவற்றைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்குப் பயன்படுத்தினர். வேலி அழியவே விலங்குச்சல்லி என்னும் தீவு நீருள் மூழ்கியது. 1986 ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அரிப்புக்கு ஆளான வான் தீவைக் காக்க, 2015 ஆம் ஆண்டு முதல் அதனருகே கடலடியில் செயற்கைப் பாறைகளை அமைத்தனர். ஆறு கொணர்ந்த மண்ணால் கொற்கை துறைமுகத்தை இழந்தது இயற்கையின் செயல். அதற்கு எவரும் பொறுப்பல்லர். பவள வேலியை இழந்து தீவு மூழ்கியதற்கு மனிதரின் செயலும் காரணம். ஆதலின் எஞ்சிய தீவுகளைக் காப்பதும் மனிதர் கடமையே ஆகும்.

பொழுது சாயும் வேளையில் பயணத்தை முடித்துத் தூத்துக்குடிக்கு மீள்வோரைத் துறைமுகத்தின் கலங்கரை விளக்கம் வரவேற்கும். காலையில் அவர்கள் விட்டுச் சென்ற நகரமே அது. ஆனால் இப்போது அதனைக் காணும் கண் வேறு. கொற்கையும் காயலும் புன்னைக்காயலும் கடந்து வந்த நெடிய வரிசையில் நான்காம் துறையாக அந்நகரம் அவர்களுக்குத் தோன்றும். உடலுக்கு ஓய்வு தேடிச் சென்றவர்கள், தம் ஊர் நிற்கும் கரையின் அருமையையும் அறிந்து திரும்புகின்றனர்.