வீட்டு வளவில் ஒரு கராஜ்: எவ்வளவு பெரிதாகப் போடலாம்?

விவசாயம் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்ற நிலை எமது கிராமங்களில் இன்று இல்லை. எனவேதான் பல வீடுகளில் பிள்ளைகளுள் ஒருவர் இயந்திரம் திருத்தும் தொழிலைப் பழகி வந்து, வீட்டு வளவிலேயே ஒரு கராஜ் போட விரும்புகிறார். இது வரவேற்கத்தக்கது. ஆனால் இத்தகைய குடும்பங்களோடு நாம் உட்கார்ந்து பேசும்போது முதலில் எழும் கேள்வி, என்ன ஆயுதங்கள் வாங்குவது என்பதல்ல. எத்தனை அடியில் கட்டுவது என்பதுதான். அதற்கு அவர்களே சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: 20க்கு 30. ஏன் 20க்கு 30 என்று கேட்டால் காரணம் வராது. பட்டணத்து வீதியோரத்தில் பார்த்த கராஜ் அந்த அளவில் இருந்தது, அவ்வளவே.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அடைவு வைத்த நகை, வெளிநாட்டில் இருக்கும் சகோதரன் அனுப்பியது, அல்லது கிழமைக்குக் கிழமை தவணை கட்ட வேண்டிய கடன். நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை; 2018இல் அரசே தலையிட வேண்டி வந்தது. சுவரும் கூரையும் அந்தப் பணத்தை விழுங்கிவிட்டால், ஸ்பனர் வாங்கவும் ஒட்டுவேலை இயந்திரம் வாங்கவும் கையில் எதுவும் மிஞ்சாது. வேலையைக் கொண்டு வருவது ஆயுதமும் கைப்பழக்கமும்தான். கொட்டில் எவ்வளவு பெரிதாயினும் அது தனியே வேலையைக் கொண்டு வராது.

வேலை உண்டா என்று அஞ்சத் தேவையில்லை. 1990களில் வடக்கிற்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டிருந்தபோது, பழைய ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எம்மவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னரும், இருந்தவற்றைத் திருத்தித்தான் நாடு முழுவதும் சில ஆண்டுகளை ஓட்டியது. திருத்தும் கைக்குத் தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆகவே அளவுக்கு வருவோம். கராஜின் அளவைத் தீர்மானிப்பது அதற்குள் வரும் இயந்திரம். அதைச் சுற்றி மனிதன் நின்று, குனிந்து, முழந்தாளிட்டு வேலை செய்யும் இடத்தையும் அதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதலில் உங்கள் ஊரில் என்னென்ன இயந்திரங்கள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். நீரிறைக்கும் இயந்திரம், சைக்கிள், மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி. ஆங்காங்கே நாலுசக்கர உழவு இயந்திரம். நீரிறைக்கும் இயந்திரத்தை மேசையில் வைத்தே திருத்தலாம். மோட்டார் சைக்கிள் ஏழடி நீளம், கைபிடியோடு இரண்டரை அடி அகலம். லான்ட்மாஸ்டர் பெட்டி இல்லாமல் ஏறக்குறைய எட்டடி நீளம், மூன்றடி அகலம். பெட்டியைக் கழற்றி வெளியே விட்டுவிடலாம். அதற்குக் கூரை கேட்பது வீண்.

முச்சக்கர வண்டிதான் பலரது கணக்கைப் பிழையாக்குகிறது. நிற்கும்போது அது ஒன்பதடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் நாலேகால் அடி அகலமும் கொண்டது. ஆனால் அதன் கிளச்சையோ இயந்திரத்தின் அடிப்பகுதியையோ பார்க்க வேண்டுமானால் எமது மெக்கானிக்மார் வண்டியைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைப்பதே வழக்கம். அப்போது அதன் உயரம் அகலமாகிவிடுகிறது, ஏறக்குறைய ஆறடி. இரு பக்கமும் மும்மூன்று அடி விட்டால் 12 அடி. நீளப்பாட்டில் வண்டிக்கு ஒன்பதடி, பின்னால் மூன்றடி, முன்னால் நின்று வேலை செய்ய மூன்றடி, மேசைக்கு இரண்டடி; மொத்தம் 17. ஓரடி தாராளமாகச் சேர்த்தால் 12க்கு 18. இதற்குள் லான்ட்மாஸ்டரும் மோட்டார் சைக்கிளும் தாராளமாக அடங்கும். தனி ஒருவர், அல்லது ஒருவரும் ஓர் உதவியாளும் செய்யும் தொழிலுக்கு இதுவே போதும் என்பது எமது அபிப்பிராயம்.

எமது கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். நாலு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். கயிற்றின் கீழே சாம்பல் தூவுங்கள். வண்டியை உள்ளே விட்டுச் சரியுங்கள். ஒரு சாக்கை விரித்து, கழற்றிய பாகங்களை ஒழுங்காக அதில் பரப்பிப் பாருங்கள். கழற்றிய பாகங்கள் பிடிக்கும் இடம் எவரையும் வியக்க வைக்கும். மேசையில் நிற்பவரின் முதுகு வண்டியில் இடித்தால் முளையைத் தள்ளி அடியுங்கள். ஒரு நாள் வேலை, ஒரு சதமும் செலவில்லை.

நாலுசக்கர உழவு இயந்திரத்தை என்ன செய்வது? எமது பகுதிகளில் அதிகம் காணப்படும் மெசி பெர்குசன் போன்றவற்றில் தனியான அடிச்சட்டம் கிடையாது. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு அவையே உடலாக நிற்கின்றன. கிளச் மாற்றுவதென்றால் உழவு இயந்திரத்தையே நடுவில் பிரித்து, முன்பாதியை இரண்டு மூன்று அடி உருட்டி விலக்க வேண்டும். பதினோரடி இயந்திரம் பதினான்காகும். முன்னும் பின்னும் இடம்விட்டு மேசையும் போட்டால் 25 அடியைத் தொடும். இந்த வேலை உங்களிடம் மாதந்தோறும் வருமா, ஆண்டுக்கு இரண்டு தடவை வருமா? இரண்டு தடவைதான் என்றால், கோடையில் வேம்பின் கீழே மரக்கட்டை முண்டுகொடுத்துப் பிரித்து, இரவில் தறப்பாளால் மூடிவிடலாம். தறப்பாளின் கீழ் வாழ்ந்து பழகிய எமக்கு அதைப் பயன்படுத்த எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலபோக உழவு தொடங்கும்போது எல்லா லான்ட்மாஸ்டர்களும் ஒரே கிழமையில் பழுதாகும். வாசலில் ஐந்தாறு வரிசையாக நிற்பதைக் கண்டு, இடம் போதவில்லை என்று கொட்டிலைப் பெருப்பிக்க மனம் உந்தும். அந்த நெருக்கடி சில கிழமைகளில் முடிந்துவிடும். காத்து நிற்கும் இயந்திரத்திற்குக் கூரை தேவையில்லை; திறந்துவைத்த இயந்திரத்திற்கே தேவை. ஒரு நேரத்தில் திறப்பது ஒன்றைத்தான். அது மட்டுமன்றி, விதைப்புக் காலத்து வேலையில் பாதி வயலிலேயே நடப்பது. ஆயுதப்பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரம்புக்குப் போகும் மெக்கானிக்கையே விவசாயி அடுத்த முறையும் தேடுவான்.

கூரைத் தகரத்தின் அளவையும் கவனியுங்கள். தகரம் 8, 10, 12 அடி நீளங்களில் கிடைக்கிறது. இரண்டு எட்டடித் தகரங்களை முக்காலடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போட்டால் பதினைந்தேகால் அடி வரும். சாய்வுக்குச் சில அங்குலம் போகும். தூவானம் உள்ளே அடிக்காமலிருக்க இரு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்ட வேண்டும். மிஞ்சுவது ஏறக்குறைய 12 அடி. அகலத்தை 13 என்று வைத்தால் பெரிய தகரம் வாங்கி வெட்டி எறிய வேண்டிவரும். வாடைக்காற்றோடு மழை அடிக்கும் பக்கத்தைத் தகரத்தால் அடையுங்கள். மற்றவை திறந்தே இருக்கட்டும். வெளிச்சமும் காற்றும் இலவசம்.

நிலத்திற்கு நாலு அங்குலக் கொங்கிறீற்றுப் போடுவதாயின், 1:2:4 கலவையில் 100 கன அடிக்கு ஏறக்குறைய 18 பை சீமெந்து தேவை. 20க்கு 30 கராஜுக்கு 36 பை. 12க்கு 18இற்கு 13 பை. வண்டி படுக்கும் இடத்தில் மட்டும் 8க்கு 10 போட்டால் ஐந்து பை. ஐந்து பையில் தொடங்குவதை எவரும் குறைவாக எண்ண வேண்டாம். மீதியைக் கிரவல் பரப்பி இறுக்கிவிடலாம்.

ஒரு விடயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மூலையில் நாலுக்கு ஆறடி அளவில் கல்லால் கட்டி, நல்ல கதவும் பூட்டும் போட்ட ஆயுத அறை ஒன்று அவசியம். கனமான இயந்திரத்தைக் கூரை வளையில் சங்கிலி கட்டித் தூக்க நினைப்பவர்களும் உண்டு. அந்த வளை தகரத்தைத் தாங்கப் போட்டது. நூறு கிலோ டீசல் இயந்திரத்தையல்ல. மூன்று தடித்த குழாய்களால் முக்காலி செய்து வையுங்கள். வேண்டிய இடத்திற்கு அதை நகர்த்தலாம்.

இனி, காணி யாருடையது? 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009இல் வன்னிக்குள் இடம் இடமாகப் பெயர்ந்தபோதும் கட்டடங்கள் நின்ற இடத்தில் நின்றன. பெட்டிக்குள் இருந்த ஆயுதங்களே கூட வந்தன. இன்றும் உறவினர் காணியிலோ, உறுதி கைக்கு வராத காணியிலோ இருப்பவர்கள் நிரந்தரச் சுவர் எழுப்ப வேண்டாம் என்றே நாம் சொல்வோம். இரும்புக்குழாய்க் கப்புகளை ஆணியால் அறையாமல் நட்டுப்போட்டுப் பூட்டினால், ஒரே நாளில் கழற்றி லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றலாம். காணிக்காரரோடு எத்தனை ஆண்டு என்று எழுத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது. உறவு கெடுவது பெரும்பாலும் எழுதாததால்தான். சொந்தக் காணியுள்ளவர்களோ ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்தப் பக்கத்தில் கழிப்பறையோ மாட்டுக்கொட்டிலோ போட்டுவிட்டால் பின்னர் பத்தி இறக்க வழியிராது. பிரதேச சபையில் கட்டட அனுமதியும் தொழில் அனுமதியும் பற்றி முளை அடித்த பின், அத்திவாரம் வெட்டுமுன் விசாரியுங்கள்.

வண்டியின் கீழே இறங்கிப் பார்க்கக் குழி வெட்ட விரும்புபவர்களுக்கு: வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழிக்குள் இறங்கித் தங்கும், ஒரு பொறி போதும். மாரியில் குழி கிணறாகவும் மாறும். அதே காரணத்தால் குசினி அடுப்பிலிருந்தும் கராஜைத் தள்ளி வையுங்கள்.

கிணற்றிலிருந்து 50 அடியாவது விலகியிருக்கட்டும், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாக. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர அதிக காலம் பிடிக்காது. 2014, 2015இல் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதாக எழுந்த பிரச்சினையை நீங்கள் அறிவீர்கள். கழிவு ஒயிலை மூடியுள்ள கலனில் சேருங்கள். சிந்தியதன்மேல் மரத்தூள் அல்லது மணல் போட்டு அள்ளுங்கள். அந்தக் கலனுக்கும் மணல் வாளிக்கும் இரண்டடி இடத்தை, கயிறு கட்டும் நாளிலேயே ஒதுக்கிவிடுங்கள்.