கோப்பைத் திறந்த சுவடு

கணினியில் ஒரு கோப்பு கிடப்பது வேறு, அதை ஒருவர் திறந்து பார்த்தார் என்பது வேறு. சில வழக்குகளில் ஒரு மனிதரின் விடுதலையே இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. நான் தமிழ் படிப்பிக்கிற ஆள். கணினி என் துறையல்ல. ஆனால் ஏட்டுச் சுவடியில் இடைச்செருகல் தேடுகிற வேலைக்கும் இதற்கும் நெருக்கம் இருப்பதால் விளங்கிக்கொள்ள முயன்றேன்.

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால், 'ரீசன்ட்' என்ற கோப்புறையில் இயங்குதளம் சிறியதொரு குறுக்குவழிக் கோப்பை வழமையாகத் தானே எழுதி வைக்கும். மூலக் கோப்பு இருந்த இடம், பருமன், நேரங்கள், அது கிடந்த வன்தட்டு அல்லது பென் டிரைவின் தொடரிலக்கம் எல்லாம் அதிலே பதியும். "அழிச்சிட்டா சரிதானே சேர்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சரிவராது. மூலத்தை அழித்தாலும், பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போனாலும், குறுக்குவழி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 'ரெஜிஸ்ட்ரி'யிலும் திறந்தவற்றின் வரிசை உண்டு. விண்டோஸ் 7இல் 'ஜம்ப் லிஸ்ட்' பட்டியலும் சேர்ந்தது. ஆய்வாளர் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவுக்கு வருவார்.

சுவடு இல்லாததும் சில வேளை பேசும். இந்தியாவின் பீமா கோரேகான் வழக்கில் 2018இல் ரோனா வில்சன் கைதானார். அவருடைய கணினியில் இருந்த கடிதங்கள் முக்கிய சான்றாகக் காட்டப்பட்டன. பிரதிவாதித் தரப்புக்காக அதன் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது: 22 மாதங்களாக அக்கணினி வெளியாரொருவரின் பிடியில் இருந்தது, கடிதங்கள் மறைவான கோப்புறையொன்றில் வைக்கப்பட்டன, அவை அக்கணினியில் திறக்கப்பட்டதற்குச் சுவடே இல்லை. அரச தரப்பு இதை ஏற்கவில்லை. அதே வழக்கில் கைதான முதிய பாதிரியார் ஸ்டான் சுவாமி, விசாரணை தொடங்கு முன்பே 2021 ஜூலை 5ஆம் திகதி காலமானார்.

இந்தச் சுவடுகளுக்கும் எல்லையுண்டு. வேண்டுமென்றே துடைத்துவிடலாம். எந்தப் பயனர் கணக்கில் கோப்பு திறந்தது என்று சொல்லுமே தவிர, விசைப்பலகையில் இருந்த கை யாருடையது என்று சொல்லாது. கணினியை மீண்டும் இயக்கினாலே பதிவுகள் மாறும். அதனால்தான் நிபுணர்கள் மூலத்தைத் தொடாமல் பிரதியில் வேலை செய்கிறார்கள்.

ஆகவே, கணினியில் எடுத்த கோப்பு ஒருவருக்கு எதிராகச் சான்றாக வந்தால், அவருடைய சட்டத்தரணி மூன்றைக் கேட்க வேண்டும்: அது எப்போது வந்தது? எங்கிருந்து வந்தது? எப்போதாவது திறக்கப்பட்டதா?