யுனெஸ்கோவும் தோட்டத் தமிழும்

தமிழ் ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பேசும் மொழி. இந்தியாவில் 2004ஆம் ஆண்டு செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. இத்தகைய மொழிக்கு ஓர் அனைத்துலக அமைப்பின் துணை எதற்கு என்னும் வினா ஆசிரியர்களிடையேயும் மாணவர்களிடையேயும் எழுவதுண்டு. அதற்கு விடை காணுமுன், ‘தமிழ்’ என்னும்போது எந்தத் தமிழைக் கருதுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாடநூலில் வழங்கும் தமிழ் ஒன்று. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் வழங்கிய தமிழ் மற்றொன்று. முன்னதற்கு அழிவச்சம் இல்லை, பின்னதற்கு உண்டு. அதனைக் காப்பதற்கு யுனெஸ்கோவோடு நம் நாடு கொண்டுள்ள உறவு எவ்வாறு பயன்படும் என்பதே இவ்வுரையின் பொருள்.

யுனெஸ்கோ என்பது ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம். அதன் அமைப்புச் சட்டம் 1945ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஏற்கப்பட்டது. தலைமையகம் பாரிசில் உள்ளது. மலாயா விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, 1958 சூன் 16ஆம் நாள் அதில் உறுப்பு நாடாயிற்று. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அன்றைய மலாயாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 63 இலட்சமே. சிறிய நாடாயினும் பேரவையில் அதற்கும் ஒரு வாக்கு. பெரிய நாட்டுக்கும் ஒரு வாக்கே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. யுனெஸ்கோவின் உறுப்பினர்கள் நாடுகளே; மொழிச் சமூகங்கள் அல்ல. ஆதலின், ஒரு சமூகத்தின் குரல் அங்குச் சென்று சேர வேண்டுமாயின், அது முதலில் தன் நாட்டின் அரசு அமைப்புகளின் வழியாகவே செல்ல வேண்டும்.

தாய்மொழிக் கல்வி பற்றிய யுனெஸ்கோவின் கருத்து, மலாயா உறுப்பு நாடாவதற்கு முன்னரே உருவானது. 1951ஆம் ஆண்டு பாரிசில் வல்லுநர் குழு ஒன்று கூடி, கல்வியில் வட்டார மொழிகளின் பயன்பாட்டை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1953இல் நூலாக வெளிவந்தது. குழந்தைக்குக் கற்பிக்கத் தொடங்குவதற்கு மிகச் சிறந்த கருவி அதன் தாய்மொழியே என்பது அந்நூலின் அடிப்படை முடிபு. அதே 1951ஆம் ஆண்டில் மலாயாவில் வெளிவந்த பார்ன்சு அறிக்கையோ, தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் மலாயையும் ஆங்கிலத்தையும் கொண்ட தேசியப் பள்ளிகளை நிறுவப் பரிந்துரைத்தது. பின்னர் 1956ஆம் ஆண்டின் இரசாக் அறிக்கை, தொடக்கக் கல்வியில் தமிழைப் பயிற்றுமொழியாக ஏற்றது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று நாம் கூறவில்லை. தோட்டப்பள்ளிக் குழந்தையின் மொழி பற்றிய வினா, அக்காலத்தில் உலகம் முழுவதும் கேட்கப்பட்ட வினாவே என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

அடுத்த பத்தாண்டில் கோலாலம்பூர் தமிழாய்வின் உலக மேடையாயிற்று. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளார் பெருமுயற்சியால் 1966 ஏப்பிரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் கூடியது. அக்காலத்தில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் மால்கம் ஆதிசேசையா என்னும் தமிழர். 1967 முதல் ‘யுனெஸ்கோ கூரியர்’ இதழ் தமிழிலும் வெளிவந்தது. மணவை முஸ்தபா அதன் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி, அறிவியற் கலைச்சொற்கள் பலவற்றைத் தமிழுக்கு ஆக்கினார். இவையனைத்தும் பெருமைக்குரியன. எனினும், இவை இலக்கியத் தமிழுக்கும் ஆய்வுத் தமிழுக்கும் கிடைத்த பயன்கள். தோட்டத்து மக்களின் பேச்சு இவற்றின் எல்லைக்கு வெளியே நின்றது.

அப்பேச்சுக்கு நேரடியாகப் பயன்படும் கருவிகள் இரண்டு 2003ஆம் ஆண்டில் தோன்றின. முதலாவது, யுனெஸ்கோவின் வல்லுநர் குழு வகுத்த மொழி உயிர்ப்பு அளவீடு. அது ஒன்பது கூறுகளைக் கொண்டது: மொழி தலைமுறைவழி கடத்தப்படுதல், பேசுவோரின் எண்ணிக்கை, மொத்த மக்களுள் அவர்தம் விகிதம், மொழி வழங்கும் களங்கள், புதிய களங்களிலும் ஊடகங்களிலும் அது இடம்பெறுதல், கல்விக்கும் எழுத்தறிவுக்கும் உரிய நூல்கள், அரசின் கொள்கை, சமூகத்தின் மனப்பாங்கு, ஆவணங்களின் அளவும் தரமும். இவற்றுள் முதற்கூறு ஆறு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. குழந்தைகள் முதல் அனைவரும் பேசுவது பாதுகாப்பான நிலை. பெரும்பாலும் பாட்டன் பாட்டி தலைமுறையினர் மட்டுமே பேசுவது கடுமையான அழிவுநிலை.

மொழிகளுக்காக வகுக்கப்பட்ட இவ்வளவையை நாம் ஒரு வட்டார வழக்குக்குப் பொருத்திப் பார்ப்போம். காலையில் தொழிலாளரைக் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’; மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் ‘மங்கு’; வெட்டுக்கோட்டில் உறைந்து நிற்கும் ‘ஒட்டுப்பால்’; ஒருவர் வேலை செய்யும் மரவரிசையாகிய ‘நிரை’; தாய்மார் வேலைக்குச் செல்லுங்கால் குழந்தைகளை விட்டுச் செல்லும் ‘ஆயாக் கொட்டகை’. இச்சொற்களை இயல்பாக வழங்குவோர் இன்று பெரும்பாலும் முதியோரே. இரப்பர் நிலத்தில் செம்பனை வந்தது. நீலாய் முதல் சிரம்பான் வரையிலான பகுதியில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தொழில் மறையும்போது தொழிற்சொல் மறைகிறது. சொல்லோடு அதனைச் சூழ்ந்த பழமொழியும் தாலாட்டும் ஒப்பாரியும் மறைகின்றன. ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல் ‘பெரட்டு’ ஆனதில் தமிழ் ஒலியமைதியும் உண்டு. ஒரு தொழிலாளர் கூட்டத்தின் வரலாறும் உண்டு. அதனைக் கொச்சை என்று ஒதுக்கினால் இரண்டையும் இழப்போம்.

இரண்டாவது கருவி, அதே ஆண்டு யுனெஸ்கோ பேரவை ஏற்ற பண்பாட்டு மரபுரிமை உடன்படிக்கை. கட்டடம், சிற்பம் போன்ற பருப்பொருள் அல்லாத மரபுகளைக் காப்பது அதன் நோக்கம். வாய்மொழி மரபுகளையும், அவற்றைத் தாங்கும் ஊர்தி என்னும் நிலையில் மொழியையும், அது தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. மொழியைத் தனித்த ஒன்றாகப் பட்டியலில் சேர்க்க அதில் இடமில்லை. அம்மொழியில் வாழும் பாட்டுக்கும் கதைக்கும் சடங்குக்கும் இடமுண்டு. மரபுக்குரிய சமூகத்தின் பங்கேற்போடு உறுப்பு நாடுகள் பதிவுப் பட்டியல்களை உருவாக்க வேண்டும் என்பது அதன் இன்றியமையாத விதி.

மலேசியா 2013ஆம் ஆண்டு இவ்வுடன்படிக்கையை ஏற்றது. மாக் யோங் கூத்து, மலாக்காவின் டொண்டாங் சாயாங் பாடல், இந்தோனேசியாவோடு இணைந்து முன்மொழிந்த பாந்துன் பாடல் முதலியன யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. 2024இல் கெபாயா உடைக்காக ஐந்து நாடுகள் ஒன்றிணைந்தன. தோட்டத் தமிழரின் வாய்மொழி மரபு அதில் இடம்பெறவில்லை. உள்நாட்டிலோ 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் உள்ளது. ஒரு மரபைத் தேசிய மரபுரிமையாக அறிவிக்குமாறு எவரும் அமைச்சருக்கு முன்மொழியலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. வாயில் திறந்தே இருக்கிறது. அதன் வழியே கொண்டு செல்வதற்குரிய சான்றுகள் நம்மிடம் தொகுக்கப்படவில்லை என்பதே குறை.

அச்சான்றுகளைத் தொகுக்க வல்லவர் யாவர்? நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டம் மறைந்த பின்னரும், நகர்ப்புறத்திற்கு இடம் பெயர்ந்த பின்னரும், தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகள் உண்டு. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைய வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் எச்சம் அப்பெயர்கள். அப்பள்ளிகளின் மாணவர்க்குத் தாத்தாவும் பாட்டியுமே நூலகம்.

பணி எளியது, முறை மட்டும் செம்மையாக இருத்தல் வேண்டும். முதலில், பேசுபவரின் இசைவைப் பெறுக. அடுத்து, அவர் பிறந்த தோட்டம், அகவை, செய்த தொழில் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. சொல்லை மட்டும் கேளாமல், அச்சொல் வரும் தொடரையும் தொழில் நடந்த வரிசையையும் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்க. ஒலிப்பதைத் திருத்தாமல் ஒலித்தவாறே எழுதுக. பாடலாயின், எந்த நிகழ்ச்சியில், யார், யாருக்காகப் பாடுவது என்பதையும் சேர்த்துக் குறிக்க. பதிவின் ஒரு படியைப் பேசியவரின் குடும்பத்திற்கு அளிக்க. மற்றொன்றைப் பள்ளியில் வைக்க. பள்ளிகள் பத்து இவ்வாறு செய்து தம் பதிவுகளை ஒப்பிட்டால், ஒரு வட்டார அகராதிக்கு அடித்தளம் அமையும். இலங்கை மலையகத் தோட்டங்களின் பாடல்களோடு அவற்றை ஒப்புநோக்கினால், பாந்துனுக்கு இரு நாடுகள் கைகோத்தது போன்ற கூட்டு முன்மொழிவுக்கும் வழி பிறக்கும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் எந்த வழக்கும் உயிர் வாழ்ந்துவிடாது. யுனெஸ்கோ அளவுகோலைத் தரும். நாடு சட்டத்தைத் தரும். பேச்சைத் தர வல்லவர் பேசுவோர் மட்டுமே. அளவீட்டின் ஒன்பது கூறுகளுள் அரசின் கொள்கை நம் கையில் முழுமையாக இல்லை. பேசுவோர் எண்ணிக்கையும் இல்லை. ஆனால், சமூகத்தின் மனப்பாங்கும் ஆவணத்தின் தரமும் முற்றிலும் நம் கையில் உள்ளவை. வகுப்பில் ஒரு மாணவன் ‘பெரட்டு’ என்று சொன்னால், அதனைப் பிழையென்று அடிக்காமல், யாரிடம் கேட்டாய் என்று ஆசிரியர் வினவுவாராயின், அப்பதிவுப்பணி அவ்விடத்திலேயே தொடங்கிவிடும்.